அழுத்தினால்தான் எரியும்

தம்பி, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். அரியாங்குப்பத்தில் மாடி ரூமுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, எப்போது வந்து தங்கப் போகிறாய் என்றாய். வரும்போது பெரியப்பாவின் தகர டார்ச்சை மறக்காமல் எடுத்து வா, உள்ளே எல்.இ.டி. போட்டு, தள்ளிவிட்டால் எரிந்துகொண்டே இருக்கிற மாதிரி ஒரு ஸ்விட்ச் வைத்துத் தருகிறேன் என்றும் சொன்னாய். இரண்டுக்குமே நான் "பாக்கலாம்பா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். உனக்குக் கோபம், கவிதாவுக்கு அதைவிட வருத்தம் என்று எனக்குத் தெரியும். மருமகள் என்று அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவளிடம் சொல்லிவிடு. உன் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் அதை போனில் சொல்லி முடிக்க முடியாது. சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நீ "உனக்கு வயசாயிடுச்சும்மா" என்பாய், நான் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

அந்த டார்ச்சை நீ கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாய். சீட்டுக்கட்டு அளவு தகரப் பெட்டி, சட்டைப் பையில் அடங்கிவிடும். முன்னால் முழி போலப் புடைத்த சின்னக் கண்ணாடி. பின்மூடியைத் திறந்தால் தட்டை பேட்டரி உட்காருகிற இடம். பக்கவாட்டில் நகத்தளவு பித்தளைத் தகடு ஒன்று. அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே இருக்கிற பட்டையைத் தொட்டு விளக்கு எரியும், விரலை எடுத்தால் அணைந்துவிடும். பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்தில் உன் தாத்தா டவுனில் வாங்கியது. எரிய விட்டு வைக்கிற ஸ்விட்ச் இதில் ஏன் இல்லை என்று நீதான் காலேஜ் படிக்கும்போது எனக்கு விளக்கினாய். முதன்முதலில் இந்த மாதிரி டார்ச் செய்தவர்களுக்குக் கிடைத்த பேட்டரி சத்தில்லாதது, பல்பில் இருந்த கரி இழையோ நிறைய இழுக்கும், விடாமல் எரித்தால் கொஞ்ச நேரத்தில் பேட்டரி படுத்துவிடும் என்றாய். விட்டு விட்டு எரித்தால் நடுவில் கிடைக்கிற ஓய்வில் அது கொஞ்சம் தேறிக்கொள்ளுமாம். அதனால் அழுத்துகிற வரைக்கும்தான் எரிய வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள், நல்ல பேட்டரி வந்த பிறகும் சட்டைப்பை டார்ச்சில் அந்தப் பழக்கம் தங்கிவிட்டது என்றாய். நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ சாயங்காலம் அதை நினைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

பெரியப்பாவுக்குத் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனபோது நீ ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பண்டிகைக்கு வந்து போவாய். அவர் கழுத்தில் ஓட்டையோடும் அதை மறைக்கிற வெள்ளைத் துணியோடும் இருந்ததைப் பார்த்திருப்பாய், அவரோடு நாங்கள் எப்படி இருந்தோம் என்பது உனக்குத் தெரியாது. மூச்சு மூக்கில் வராது, கழுத்து வழியாகத்தான். சூடான காப்பியை ஊதிக் குடிக்க முடியாது, ஆறும்வரை டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருமினால் வருகிற சத்தம் அவருக்கே பிடிக்கவில்லை. யார் சாப்பிடும்போதும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று கரும்புக்கொல்லையில் இருக்கிற மோட்டார் கொட்டகையில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், தடுக்க யாரும் இல்லை. பெட்டியில் கிடந்த இந்த டார்ச்சை எடுத்து, பாகூர் கடைத்தெருவில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த பாயிடம் கொடுத்தார். பாய் மூன்று சின்ன பேட்டரியைச் சேர்த்துப் பற்றவைத்து, அட்டை சுற்றி, உள்ளே பொருந்துகிற மாதிரி கட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து டார்ச்தான் அவர் வாய். விளக்கு வைக்கிற நேரத்தில் நான் பின்வாசல் லைட்டை அணைத்துப் போடுவேன், சாப்பாடு கொண்டு வரட்டுமா என்று அர்த்தம். கொட்டகையிலிருந்து ஒரு தடவை மின்னினால் "ம்". இரண்டு தடவை என்றால் "இல்ல", தானே வருகிறார். அழுத்தி எடுக்கிற டார்ச் இல்லையா, அந்த வெளிச்சம் வெட்டினாற்போல வரும், வெட்டினாற்போலப் போகும்.

ஒரு மார்கழி. அவர் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், டார்ச் அவர் சட்டைப் பையில் இருந்தது. நான் தண்ணீர் எடுக்கப் பின்வாசலுக்கு வந்தேன். கரும்புக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் தாண்டித் தமிழ்நாட்டு எல்லை ஆரம்பிக்கிற இடத்தில், மூன்று தடவை வெளிச்சம் வந்தது. நம் டார்ச் வெளிச்சம் போல இல்லை. தூங்கி எழுந்த கண் போல மெதுவாகத் திறந்து மெதுவாக மூடியது. நான் திரும்பிப் பார்த்தேன். உன் பெரியப்பா கையைக்கூடக் கழுவாமல் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். டார்ச்சை எடுத்து அந்தப் பக்கம் காட்டி ஒரே ஒரு தடவை அழுத்தினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். யார் என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவரும் பார்த்திருக்கிறார், சொல்லாமல் இருந்திருக்கிறார். "சாராயம் கடத்துறவனுங்க சிக்னல் குடுத்துக்கினு இருக்கானுங்கடி. நீ அந்தப் பக்கம் பாக்காத" என்றார். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. கடத்துகிறவன் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், மூன்று தடவை மட்டும் ஏன் காட்ட வேண்டும்? அதற்கு உன் பெரியப்பா ஏன் பதில் சொல்ல வேண்டும்? ஒருநாள் அப்பா அண்ணனிடம் நேராகவே கேட்டார். பெரியப்பா நெஞ்சில் கை வைத்து, தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, கேட்காதே என்றா, எங்களுக்குப் புரியவில்லை.

அவர் தூக்கத்தில் போய்விட்டார் என்றுதான் உனக்குச் சொல்லப்பட்டது. அது பொய் இல்லை. ஆனால் காலையில் காப்பி கொண்டுபோன நான்தான் முதலில் பார்த்தேன். கட்டிலில் வாய்க்கால் பக்கம் திரும்பி உட்கார்ந்த மாதிரியே சாய்ந்திருந்தார். டார்ச் கையில் இருந்தது. கட்டைவிரல் தகட்டின் மேல் இறுகி அழுத்தியபடியே விறைத்திருந்தது. கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தேன். பல்பு இழை ஊதுவத்தி நுனி போலச் சிவந்து கிடந்தது. நான் பார்க்கப் பார்க்க அதுவும் அணைந்தது. உன் அப்பா வந்துதான் விரலைப் பிரித்தார். கருமாதி முடிந்த சாயங்காலம் அலமாரியில் வைத்திருந்த டார்ச்சைத் துடைக்க எடுத்தேன். விரல் பட்டதும் பளிச்சென்று எரிந்து அணைந்தது. பிறகு நீ சொன்னது நினைவுக்கு வந்தது, சும்மா கிடந்தால் பேட்டரி கொஞ்சம் தேறும். அப்படி என்றால் அது பேட்டரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் போன பிறகும் அந்தப் பக்கத்து வெளிச்சம் நிற்கவில்லை. மூன்று தடவை, கண் திறப்பது போல. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மூன்று. பதில் வராததால் நேரம் போகப் போக அதிகமாக வந்தது. அப்பா பின்கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். எனக்கு அடுப்படியில் இருப்புக்கொள்ளவில்லை. யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், வீட்டில் எல்லோரும் காது கேளாதவர்கள் போல இருக்கிறோம் என்று மனசு அரித்தது. ஒருநாள் அப்பா சொசைட்டிக்குப் போயிருந்தபோது பாயிடம் வாங்கிய புது பேட்டரியைப் போட்டுக்கொண்டு, டார்ச்சோடு கொட்டகைக்குப் போனேன். மூன்று வந்தது. நான் ஒன்று அழுத்தினேன். அந்தப் பக்கம் அப்படியே இருட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த சாயங்காலம் வந்தது. ஆனால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், நம் கரும்புக்குள்ளிருந்து வந்தது.

காற்று இல்லை, கரும்புத் தோகை மட்டும் ஒரு கோடாக அசைந்துகொண்டே வந்தது. ஓடியிருக்கலாம். எனக்கு ஓடத் தோன்றவில்லை. வரப்பில் தோகையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். என் வயசு இருக்கும். கழுத்தில் வெள்ளைத் துணி. அந்தத் துணி அவள் மூச்சுக்கு ஏறி ஏறி இறங்கியது. கையில் சாதாரண பிளாஸ்டிக் டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. என்னையும் என் கையில் இருந்ததையும் பார்த்தாள். பார்த்ததும் வரப்பிலேயே உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள். கழுத்திலிருந்து காற்று மட்டும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினேன். கொஞ்சம் தெளிந்ததும் தன் டார்ச்சின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்து மூடி மூடித் திறந்து காட்டினாள். எரிய விட்டுவிட்டுக் கையால் மறைத்து மறைத்துக் காட்டியிருக்கிறாள். கண் திறப்பது போல வந்தது அதனால்தான். மூன்று என்றால் என்ன என்று விரலைக் காட்டிக் கேட்டேன். உதட்டை அசைத்து, ஒவ்வொரு அசைவுக்கும் என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கைதட்டிச் சொல்லிக்கொடுத்தவள் நான், உடனே புரிந்துவிட்டது. இ, ருக், கேன்.

அவள் பெயர் அஞ்சலை. மிச்சத்தை அவள் மருமகள்தான் பிறகு சொன்னாள். ஆஸ்பத்திரியில் குரல் எடுக்கப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் இரண்டு பேரும் பழகியிருக்கிறார்கள். பார்த்தால் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். இந்த நோய் வந்தவர்களுக்கு ராத்திரி மூச்சு அடைத்துக்கொள்ளும் என்ற பயம் எப்போதும் உண்டாம். அதனால் தினமும் இருட்டும்போது ஒருவருக்கொருவர் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டார்கள். வேறு எதுவும் இல்லை. ஊர் என்ன சொல்லுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை. பெரியப்பா போன செய்தி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பழக்கத்தை விட முடியாமல் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் பதில் அழுத்தியிருக்கிறேன். மருமகள் சொன்னாள், "உங்க லைட்ட பாத்துட்டு ரெண்டு நாளா அத்த சோறு திங்கலக்கா. செத்தவரு கூப்புடுறாருன்னு எழுதிக் காட்டுனாங்க." நாங்கள் அவளைப் பார்த்துப் பயந்ததைவிட அவள் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். பயந்தும் கரும்புக்குள் புகுந்து வந்தாளே, அதை நினைத்துக்கொள். யாராவது உன்னிடம் இருக்கிறேன் என்று சொன்னால், அது கவிதாவாக இருந்தாலும், ஆபீசில் உன்னிடம் பேச்சு குறைந்துபோன யாராக இருந்தாலும், ஒரு "ம்" சொல்லிவிடு. அதற்கு நேரம் ஆகாது.

அதிலிருந்து நான்தான் பதில் சொன்னேன். உன் அப்பாவும் பிறகு பின்கதவைச் சாத்தவில்லை. அவர் மாரடைப்பில் போனபோது அஞ்சலை வந்து என்னோடு ஒரு வாரம் தங்கினாள், உனக்கு அவளை நினைவிருக்கும், கூடத்தில் மூலையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாளே, அவள்தான். எல்லோரும் போன பிறகு இந்தப் பெரிய வீட்டில் நான் தனியாக இருக்கிறேன் என்று நீ கவலைப்பட்டாய். அந்த வெளிச்சம் இருந்தவரை எனக்கு அப்படித் தோன்றவில்லை.

போன ஐப்பசி மழையில் வாய்க்கால் நிரம்பி, போக்குவரத்து நின்றுவிட்டது. அவளால் வர முடியாது, என்னாலும் போக முடியாது. சாயங்கால வெளிச்சம் மட்டும் தவறாமல் வந்தது, நானும் தவறாமல் அழுத்தினேன். தண்ணீர் வடிந்ததும் அவள் மருமகள் சேற்றில் நடந்து வந்தாள். "அத்த போய்ட்டாங்கக்கா. பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிடுச்சி. தண்ணியில வந்து சொல்ல முடியல" என்றாள். முந்தின நாள் சாயங்காலம்கூட நான் பதில் சொல்லியிருந்தேன். அவள் டார்ச்சை யாராவது எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "கூடவே வச்சிப் பொதச்சிட்டோம்" என்றாள்.

மருமகள் திரும்பிப் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். மழை நாட்களில் வந்த வெளிச்சத்தை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தேன். அது கண் திறப்பது போல வரவில்லை, தம்பி. வெட்டினாற்போல வந்து வெட்டினாற்போலப் போனது. அவள் புது டார்ச் வாங்கியிருக்கிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அப்படி எரிகிற டார்ச் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அதுவோ ஒவ்வொரு தடவையும் என் கையில் இருந்தது. வெளிச்சம் வந்ததும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இல்லை, மோட்டார் கொட்டகையிலிருந்து; மழை மூட்டத்தில் அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

யாராவது பையன் போனில் விளையாடுகிறான் என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு பகலில் போய்ப் பார்த்தேன். கொட்டகைப் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது, சேற்றில் என் கால் தடம் மட்டும்தான். உன்னோடு வந்துவிட வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அதனால் போன வாரம் ஒரு முடிவு எடுத்தேன். பதில் சொல்லாமல் இருந்தால் தானாக நின்றுவிடும் என்று பின்கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். முதல் நாள் கொட்டகையிலேயே நின்று மூன்று, மூன்று என்று வந்துகொண்டிருந்தது. அடுத்த சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தால், இந்தப் பக்கம் வைக்கோல் போர் பக்கத்தில். அதற்கு அடுத்த நாள் துணி துவைக்கிற கல்லுக்கு மேல். அவ்வளவு கிட்டத்தில் ஒரு டார்ச் எரிந்தால் கல் தெரிய வேண்டும், வேலி தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் இருந்தது, அதில் எதுவும் வெளிச்சமாகவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய் ஒரு தடவை அழுத்தினேன். உடனே பின்வாங்கி, போர் தாண்டி, கொட்டகைக்குப் போய் அணைந்தது.

அது எனக்குக் கெடுதல் செய்யும் என்று நான் நினைக்கவில்லை. பதில் வராவிட்டால் என்ன ஆனதோ என்று தேடி வருகிறது, அவ்வளவுதான். அஞ்சலையும் அப்படித்தானே வந்தாள். ஆனால் அரியாங்குப்பத்து மாடியில் கவிதா துணி காயப் போடுகிற இடத்தில் ஒரு சாயங்காலம் அது வந்து நிற்கக் கூடாது. அதனால் சொல்லாமல் கிளம்ப எனக்கு மனசு வரவில்லை. நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் கொட்டகை வரைக்கும் நடந்து போனேன். மூன்று வந்தது. ஒன்று அழுத்தினேன். பிறகு, போய்ட்டு வரேன் என்பதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நான்கு தடவை அழுத்தினேன். ரொம்ப நேரம் இருட்டாக இருந்தது. புரியவில்லையோ என்று மறுபடியும் நான்கு அழுத்தினேன். அப்புறம் கொட்டகைக்குள்ளிருந்து, நிதானமாக, ஒரே ஒரு தடவை வந்தது.

அந்த டார்ச்சை நீ திறந்து பார்க்க முடியாது, வருத்தப்படாதே. எரிய விட்டு வைக்கிற ஸ்விட்ச் வைத்துவிட்டால் அது எரிவதற்கு ஆள் வேண்டியதில்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் புது பேட்டரி போட்டு, கொட்டகைப் பூட்டை உடைத்து, உள்ளே பெரியப்பா சட்டை மாட்டுகிற ஆணியில் அதைத் தொங்கவிட்டுவிட்டு, பெட்டியோடு முன்வாசலில் வந்து நிற்பேன். வண்டி எடுத்துக்கொண்டு வெயில் இருக்கும்போதே வா. கடலூர் ரோட்டில் டிராபிக், ஆபீசில் வேலை என்று சாயங்காலம் ஆக்கிவிடாதே. அதற்குப் பிறகு பதில் சொல்ல என் கையில் ஒன்றும் இருக்காது.

உன் அம்மா